ஒரு டிரைவரைக் கட்டளையிடும்

எல்லாவற்றுக்கும் ஒரு வேளை உண்டு. அந்த வேளை வரும்வரை பொறுத்திருக்கத் தெரிந்தவனே விசுவாசி. இந்தப் பெரிய உண்மையை எங்கள் சபை கடைப்பிடித்த அளவுக்கு வேறெந்தச் சபையும் கடைப்பிடித்திருக்காது. கூரை ஒழுகியபோது நாங்கள் காத்திருந்தோம். மழைக்காலம் முடிந்ததும் ஒழுகல் தானாக நின்றது, எழுந்து சாட்சி சொன்னோம். ஒலிபெருக்கி கரகரத்தபோது காத்திருந்தோம். அது ஒரேயடியாக ஊமையாகிப் போனது, கரகரப்பு நீங்கியதற்காக ஸ்தோத்திரம் செலுத்தினோம்.

வேன் விஷயத்திலும் அப்படித்தான். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் முதியோர் இல்லத்திலிருந்து எங்கள் சபை வயதானவர்களை ஞாயிறுதோறும் கூட்டிவருவதற்காக வாங்கிய வேன் அது. ஓட்டிக்கொண்டிருந்தவர் வேறு ஊரில் மகன் வீட்டோடு போய்விட்டார். போகும்போது ஒரு சாவியைச் செயலாளர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜெபக்கூட்டம் முடிந்ததும் கமிட்டிக்காரர்கள் வரிசையாகக் கோயிலுக்குப் பின்னால் உள்ள கொட்டகைக்குப் போவார்கள். தரைவரை இழுத்துப் போர்த்தி, கயிற்றால் வரிந்து கட்டிய நீலப் படுதாவைச் சுற்றி நிற்பார்கள். அதன்மேல் கைகளை வைத்து, கண்களை இறுக மூடிக்கொள்வார்கள்.

"ஆண்டவரே, ஒரு டிரைவரைக் கட்டளையிடும்" என்று செயலாளர் தொடங்குவார். மற்றவர்கள் ஆமென் சொல்வார்கள். பிறகு எல்லாரும் அவரவர் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். கமிட்டியில் கார் ஓட்டத் தெரியாதவர் ஒருவரும் இல்லை. ஆனால் ஓட்டத் தெரிவது வேறு, அழைப்பு இருப்பது வேறு.

போதகர் இளையவர், சாது. ஒருமுறை மட்டும், "பேப்பர்ல ஒரு விளம்பரம் கொடுத்துப் பாக்கலாமா?" என்று கேட்டுவிட்டார்.

செயலாளர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஐயா, ஆபிரகாம் விளம்பரம் கொடுத்தாரா?"

ஆபிரகாமுக்கும் வேனுக்கும் என்ன தொடர்பு என்று கேட்க யாருக்கும் துணிவு வரவில்லை. அந்தச் சூட்டோடு செயலாளர் ஓர் அடையாளத்தையும் அறிவித்தார். "தேவன் அனுப்புற ஆள் நாம கூப்பிடாமலே வருவான். வந்து, நேரா எங்கிட்டயே சாவி கேப்பான். அதுதான் அடையாளம். அதுவரைக்கும் காத்திருப்போம்." கமிட்டி மெய்சிலிர்த்தது.

செயலாளரை முதுகுக்குப் பின்னால் எல்லாரும் 'பூட்டு' என்பார்கள். ஓய்வு பெறும்வரை ஒரு பெரிய கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்தவர். மூட்டை உள்ளே வந்தால் ஏன் வந்தது என்று சந்தேகப்படுவார்; வெளியே போனால் எங்கே போகிறது என்று சந்தேகப்படுவார்; வைத்த இடத்திலேயே இருந்தால், யாரோ எடுத்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டார்கள் என்று சந்தேகப்படுவார். அந்த வரத்தை அப்படியே சபைக்குக் கொண்டுவந்திருந்தார். பீரோ கதவுகளில், காணிக்கைப் பெட்டியில், வேன் படுதாவின் முடிச்சில், எல்லாவற்றிலும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வெள்ளை நூல் ஒன்றைக் கட்டி வைப்பார். யாராவது அவிழ்த்தால் நூல் அறுந்து காட்டிக்கொடுத்துவிடும். ஞாயிறுதோறும் ஆராதனைக்கு முன்னால் ஒரு சுற்றுப் போய் நூல்களைத் தடவிப் பார்ப்பார். படுதா நூல் ஒருநாளும் அறுந்ததில்லை. அதில் அவருக்குத் தனிப் பெருமை.

அவருக்கு ஆறாத புண் ஒன்றும் உண்டு. கோயில் தரைக்குப் புதுக் கல் பதித்த சமயம், வேன் ஓட்டியவர் ஊரைவிட்டுப் போன அதே நாட்களில், உள்ளே இருந்ததெல்லாம் வெளியே போனது, வெளியே இருந்ததெல்லாம் எங்கெங்கோ போனது. தரை முடிந்து புது நாற்காலிகள் வந்து இறங்கிய பிறகு பார்த்தால் பழைய தேக்கு பெஞ்சுகளைக் காணோம். தச்சர்தான் கொண்டுபோயிருக்க வேண்டும் என்பது செயலாளரின் தீர்ப்பு. சாட்சி கிடையாது. ஆனால் தச்சர் வீட்டில் ஒரு புதுச் சாப்பாட்டு மேஜை இருந்தது. "அந்த மேஜைக் கால் எனக்குத் தெரிஞ்ச கால்" என்று செயலாளர் மனைவியிடம் சொன்னார். விஷயம் சுற்றிச் சுற்றித் தச்சர் காதுக்குப் போய், அவர் எங்கள் கோயிலுக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார்; அவர் மனைவி மட்டும் வந்துகொண்டிருந்தார்.

செயலாளரின் வீட்டு மாடியறையில் அவருடைய தங்கை இருந்தாள். கல்யாணம் ஆகாதவள். அதற்கும் வேளை வரவேண்டும் என்று அண்ணன் சொல்லிக் காத்திருந்ததில், வந்த வரன்கள் எல்லாம் வேறு இடங்களில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள். ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எவ்வளவு சுருங்கிய கையிலும் நரம்பைத் தடவிக் கண்டுபிடித்து ஒரே குத்தில் எடுத்துவிடுவாள் என்பதால் 'ஊசியக்கா' என்று பெயர். சனிக்கிழமைகளில் முதியோர் இல்லத்துக்குப் போய் ரத்தம் எடுத்து வருவது அவள் முறை.

அங்கேதான் தையல் டீச்சர் இருந்தார். ஊரில் பாதிப் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தவர். வேன் வாங்கிய நாளில் அதன் சீட்டுகளுக்கெல்லாம் மஞ்சள் கரை வைத்து உறை தைத்துக் கொடுத்ததும் அவர்தான். இப்போது இதயம் சரியில்லை.

"டாக்டர் என்ன சொன்னார் டீச்சர்?" என்று ஊசியக்கா அவர் கையில் ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டே கேட்டாள்.

"நைஞ்ச துணி, இனிமே ஒட்டுப்போட முடியாதுங்கறார். எப்ப வேணா கிழியுமாம். கிழியட்டும். அதுக்குள்ள ஒரு தடவை கோயில்ல என் இடத்துல உக்காந்து திருவிருந்து எடுக்கணும். அந்த ஜன்னல் பக்கம்."

"போதகர்தான் மாசாமாசம் இங்கயே கொண்டுவந்து கொடுக்கறாரே."

"பார்சல்ல வர்றது விருந்தாடி? நாலு பேரோட உக்காந்து சாப்பிட்டாத்தான் விருந்து."

"டாக்சி வச்சுக் கூட்டிட்டுப் போறேன்."

"வேண்டாம். வாடகை வண்டியில போய் இறங்குறவ விருந்தாளி. நம்ம ஆளு ஓட்டுற வண்டியில போய் இறங்கறவதான் வீட்டுக்காரி." டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "உங்க அண்ணன்கிட்ட போன்ல கேட்டேன். கர்த்தருடைய வேளை வரும், பொறுமையா இருங்கன்னான். கர்த்தருக்கு நித்தியம் இருக்கு, அவர் பொறுப்பார். எனக்கு என்னப்பா இருக்குன்னு கேட்டேன். போனை வச்சுட்டான்."

ஊசியக்கா ஊசியை எடுத்துப் பஞ்சை அழுத்தினாள். மூன்று நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். மாடியறையில் முழங்கால் போட்டும் நினைத்தாள். அப்போது அவளுக்கு வானத்திலிருந்து சத்தம் எதுவும் கேட்கவில்லை. டீச்சர் கையின் நரம்புதான் கண்முன் நின்றது.

அடுத்த நாள் காலை மேஜையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே கேட்டாள்.

"அண்ணா, வேன் சாவி எங்க இருக்கு?"

செயலாளரின் கை கோப்பையோடு அந்தரத்தில் நின்றது. எத்தனையோ வெள்ளிக்கிழமைகளாக அவர் எதிர்பார்த்த கேள்வி. கூப்பிடாமலே வந்து, நேராக அவரிடமே கேட்ட கேள்வி. ஆனால் கேட்டது தங்கச்சி. அதனால் அது அவருக்கு அடையாளமாகத் தெரியவில்லை, துப்பாகத் தெரிந்தது.

"உனக்கு எதுக்கு?"

"சும்மாதான் கேட்டேன்."

"சும்மா யாராவது சாவி கேப்பாங்களா?"

"சரி, விடுங்க" என்று எழுந்து போய்விட்டாள்.

அன்றே செயலாளர் சாவியை மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்து ஷூ பாலிஷ் டப்பாவில் வைத்தார். மறுநாள் அது பத்திரம் இல்லை என்று தோன்றியது. சுவர்க் கடிகாரத்துக்குப் பின்னால் வைத்தார். கடிகாரம் நின்றுவிட்டது. இப்படியே இடம் மாற்றி மாற்றி இரண்டு மாதம் ஓடியது. சர்க்கரை டப்பாவுக்கு மாற்றியபோது அவர் மனைவி பார்த்துவிட்டார்.

"உங்களுக்குச் சாவி வைக்க என் சர்க்கரைதான் கிடைச்சுதா?"

"மெதுவா பேசு. வீட்டுக்குள்ளயே ஏதோ நடக்குது."

மனைவிக்கு முகம் மலர்ந்தது. அவருக்கும் சொல்ல ஒன்று இருந்தது. பாடகர் குழுவில் காதில் விழுந்த பேச்சு அது. "நானே சொல்லணும்னு இருந்தேன். உங்க தங்கச்சிய ஒரு கார்ல பாத்திருக்காங்க. பக்கத்துல ஒரு ஆம்பளை. வழுக்கைத் தலை. அவ குனிஞ்சு அந்தாள் காலையே பாத்துக்கிட்டிருந்தாளாம்."

"காலையா? எதுக்குக் காலை?"

"அதான் எனக்கும் புரியல. மூஞ்சியப் பாத்தாலாவது ஒரு அர்த்தம் இருக்கு."

அந்த வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் செயலாளரின் மனைவி தலையில் துணி போட்டுக்கொண்டு எழுந்தார். "பேரு சொல்ல விரும்பல. வயசுக்கு மீறின ஒரு சோதனையில இருக்கற ஒரு சகோதரிக்காக ஜெபிப்போம். மாடியில குடியிருக்காங்க." எங்கள் சபையில் மாடியில் குடியிருந்தவள் ஒருத்திதான். அவளும் நாலாவது நாற்காலியில்தான் இருந்தாள். எல்லாரோடும் சேர்ந்து அவளும் கண்ணை மூடி, அந்தச் சகோதரிக்காக மனதார ஜெபித்தாள். ஆமென் சொன்னபோது அவள் குரல்தான் கொஞ்சம் உரத்துக் கேட்டது.

அதுவே செயலாளருக்கு இன்னும் சந்தேகத்தைக் கொடுத்தது. குற்றவாளி இவ்வளவு தெளிவாக ஆமென் சொல்லமாட்டாள். அப்படியானால் இது பெரிய குற்றம்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். செயலாளர் குடையை விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார். மழையும் இல்லை, வெயிலும் பெரிதாக இல்லை. வழியில் எதிரே வந்த இரண்டு பேர் குடைக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பழைய மில் பக்கம் ஒரு காலி மைதானம். அதன் ஓரத்தில் மெக்கானிக் ஒருவரின் ஒர்க்‌ஷாப். அதற்கு வெளியே சக்கரத்தில் காற்றில்லாமல், மண்படிந்து, என்ன நிறமென்றே தெரியாத ஒரு வேன் நின்றது. செயலாளர் அதற்குப் பின்னால் பதுங்கிக்கொண்டார். மைதானத்தில் ஒரு சின்னக் கார் நின்றிருந்தது. பக்கத்தில் வழுக்கைத் தலை. தங்கை காரில் ஏறினாள். ஓட்டுநர் பக்கம்.

வேனுக்குள்ளிருந்து ஒரு கொட்டாவி கேட்டது. மஞ்சள் கரை போட்ட சீட்டில் படுத்திருந்த மெக்கானிக் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"யாரு சார்? வண்டிய எடுக்க வந்தீங்களா?"

"ஸ்... இல்லப்பா. சும்மா நிழலுக்கு நின்னேன்."

"எண்ணெய் மாத்தணும்னு ஒருத்தர் விட்டுட்டுப் போனார். அப்பறம் ஆளே வரல. யாரோடதுன்னும் தெரியல. வருவாங்க வருவாங்கன்னு பாத்துக்கிட்டிருக்கேன்."

"பொறுப்பில்லாத ஜென்மங்க" என்று செயலாளர் கண்ணை மைதானத்திலிருந்து எடுக்காமலே சொன்னார். ஆனாலும் ஆறுதல் சொல்வது அவர் பழக்கம். "பொறுமையா இருங்க. எல்லாத்துக்கும் ஒரு வேளை இருக்கு."

மெக்கானிக் திரும்பப் படுத்துக்கொண்டார்.

கார் துள்ளியது, நின்றது, மறுபடி துள்ளியது. வழுக்கைத் தலைக்காரர் கத்துவது இங்கே வரை கேட்டது. "கிளட்ச்! கிளட்ச்! அம்மா, என் காலப் பாருங்க, நான் எப்படி மிதிக்கறேன்னு பாருங்க!" அவருக்கு அந்த வட்டாரத்தில் பெயரே 'கிளட்ச்'தான். கார் பின்னால் வரத் தொடங்கியது. "கண்ணத் திறங்கம்மா! ரிவர்ஸ் எடுக்கும்போது சாமி கும்பிடாதீங்க, கண்ணாடியப் பாருங்க!"

கார் நேராக வேனை நோக்கிப் பின்னால் வந்தது. செயலாளர் வேறு வழியில்லாமல் குடையோடு வெளியே குதித்தார்.

தங்கை பிரேக்கைச் சரியாக மிதித்தாள். இறங்கி வந்தாள். அண்ணனையும் குடையையும் பார்த்தாள்.

"மழை வருமான்னு பாத்தீங்களா அண்ணா?"

"என்ன பண்ற நீ இங்க?"

"டிரைவிங் கத்துக்கறேன். ஒருதடவை டெஸ்ட்ல ஃபெயில் ஆயிட்டேன். ரிவர்ஸ்தான். டீச்சர்கிட்ட சொல்லி அழுதேன், கர்த்தர் ஏன் தாமதிக்கிறார்னு. கர்த்தர் தாமதிக்கல, நீதான் ரிவர்ஸ்ல தாமதிக்கிறன்னு சொன்னாங்க. வர்ற புதன்கிழமை மறுபடியும் டெஸ்ட்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன சொல்லியிருப்பீங்க?"

செயலாளர் வாயைத் திறந்தார். வரவிருந்த வாக்கியம் அவருக்கே தெரிந்ததால் மூடிக்கொண்டார். கிளட்ச் காருக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். "இவர்தான் வேன் வச்சிருக்கற அண்ணனா? வணக்கம் சார். உங்க தங்கச்சி நல்லா ஓட்டுறாங்க, முன்னால போகும்போது."

புதன்கிழமை அவள் தேறிவிட்டாள். வெள்ளிக்கிழமை, கமிட்டிக்காரர்கள் கொட்டகைக்குக் கிளம்பும் நேரத்தில் எழுந்து நின்றாள். குரல் நடுங்கியது, ஊசி பிடிக்கும் கைதான் நடுங்கவில்லை.

"டிரைவருக்காக இனிமே ஜெபிக்க வேண்டாம்னு சொல்லல. ஆனா நான் ஓட்டுறேன். லைசென்ஸ் வந்தாச்சு. பெரிய வண்டி ஓட்டக் கிளட்ச் மாமா கூட வந்து பழக்கிவிடறேன்னார். சாவி மட்டும் கொடுங்க. வர்ற ஞாயிறு திருவிருந்து. தையல் டீச்சருக்கு அடுத்த மாசம் இருக்குமான்னு டாக்டருக்கே தெரியல."

பிறகு கமிட்டியின் மூத்தவர் தொண்டையைக் கனைத்தார். "வருவான்னுதானே நாம ஜெபிச்சோம். வருவாள்னு ஜெபிக்கலையே."

"அதாவது," என்று செயலாளர் உதவிக்கு வந்தார், "அழைப்பான்னு சோதிக்கணும். நமக்கு ஒரு உறுதிப்பாடு வேணும். அவசரப்பட்டு மனுஷ சித்தத்துல எதையும் செய்யக்கூடாது. காத்திருப்போம்."

"நானும் காத்துத்தான் அண்ணா இருந்தேன். காத்திருக்கறப்ப கையும் சும்மா இருக்கணும்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

"இது கமிட்டி முடிவு. வேனை யாரும் தொடக்கூடாது. கீழ்ப்படிதல்னு ஒண்ணு இருக்கு."

அவள் எப்போதும் அண்ணன் சொன்னதைக் கேட்டு வளர்ந்தவள். கேட்பதுதான் கீழ்ப்படிதல் என்று நினைத்திருந்தவள். யாருக்குக் கீழ்ப்படிவது என்ற கேள்வி ஒன்று இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தைத்திருக்க வேண்டும். பயமும் அதோடு எங்கோ போய்விட்டது.

"சரிண்ணா. வேனைத் தொடமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

போதகர் வாசல்வரை அவள் பின்னால் போனார். என்ன சொன்னார் என்று தெரியாது. கமிட்டி கொட்டகைக்குப் போய்ப் படுதாமேல் கை வைத்து, ஒரு டிரைவரைக் கட்டளையிடும் என்று வழக்கத்தைவிட உருக்கமாக ஜெபித்தது.

"சரி" என்று அவள் அவ்வளவு சுலபமாகச் சொன்னது செயலாளரைத் தூங்கவிடவில்லை. சாவியைச் சர்க்கரை டப்பாவிலிருந்து எடுத்துக் கயிற்றில் கோத்துக் கழுத்திலேயே போட்டுக்கொண்டார். ஞாயிறு காலை எல்லாருக்கும் முன்னால் கோயிலுக்குப் போய்ப் படுதாவைப் பார்த்தார். நூல் அப்படியே இருந்தது. நிம்மதியாக வந்து வாசலில் நின்றுகொண்டார்.

முதல் பாட்டு தொடங்கும் நேரம் ஒரு சின்னக் கார் தெருமுனையில் திரும்பியது. தலைமேல் பெரிய சிவப்புப் பலகை: 'டிரைவிங் ஸ்கூல். இடைவெளி விட்டு வரவும்.' ஊசியக்கா ஓட்ட, பக்கத்து சீட்டில் தன் பங்குக்கும் ஒரு பிரேக் இருக்கும் இடத்தில் காலை வைத்துக்கொண்டு கிளட்ச். பின்னால் இல்லத்திலிருந்து வந்த இன்னொரு பெரியவரும் தையல் டீச்சரும். டீச்சர் கண்ணாடியை இறக்கிவிட்டு ராணிபோல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

"வேனைத் தொடக்கூடாதுன்னு சொன்னேனே!" என்றார் செயலாளர்.

"தொடலையே அண்ணா" என்றாள் தங்கை. "இது வேன் இல்ல. கதவைக் கொஞ்சம் பிடிச்சுக்கறீங்களா?"

கதவைப் பிடித்துக்கொள்வதைத் தவிர அவருக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை.

உள்ளே டீச்சரின் ஜன்னலோர இடத்தில் செயலாளர் மனைவியின் கைப்பை இருந்தது. சில வருடங்களாகவே அந்தக் கைப்பைதான் அங்கே உட்கார்ந்து பிரசங்கம் கேட்டுக்கொண்டிருந்தது. போதகர் பீடத்திலிருந்து இறங்கி வந்தார், எல்லாரும் பார்க்கக் கைப்பையைத் தூக்கி அதன் சொந்தக்காரரின் மடியில் வைத்தார், டீச்சரைக் கைபிடித்து உட்கார வைத்தார். திரும்பப் போய்த் தயார் செய்திருந்த பிரசங்கத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, "இன்னைக்கு நேரா திருவிருந்துக்குப் போயிடலாம்" என்றார். எங்கள் சபையில் எதுவும் சீக்கிரம் நடந்து நாங்கள் பார்த்தது அன்றுதான்.

அப்பத்தை வாங்கியபோது டீச்சர் அழவில்லை. நன்றாக மென்று தின்றார். பக்கத்தில் நின்ற ஊசியக்காதான் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

ஆராதனை முடிந்து எல்லாரும் முற்றத்தில் டீச்சரைச் சுற்றி நின்றார்கள். பார்க்க வராமல் இருந்தவர்கள் எல்லாம், பார்க்க வரவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்ததாகச் சொன்னார்கள். செயலாளருக்கு ஓரமாக நிற்கப் பிடிக்கவில்லை. எப்படியும் இது தன் மேற்பார்வையில் நடந்ததாகவே இருக்கட்டும் என்று முன்னால் வந்தார்.

"டீச்சர், எல்லாம் அவருடைய வேளையில நடக்குது, பாத்தீங்களா."

"பாத்தேன், பாத்தேன். அந்த வேளை ஒரு பிரேக் அடிச்சுது பாரு, என் பல்லு செட்டு கழண்டு மடியில விழுந்துடுச்சு." டீச்சர் தடியை ஊன்றி எழுந்தார். "வந்தது வந்துட்டேன். அந்த வேனையும் காட்டு. நான் தச்ச சீட் உறை எப்படி இருக்குன்னு பாக்கணும். மஞ்சள் கரை, ஓரமெல்லாம் கையாலயே தச்சேன்."

"அது படுதா கட்டி..."

"கட்டினதை அவுக்கத் தெரியாதா? ஏம்ப்பா, உன்னைத்தானே எல்லாரும் பூட்டுங்கறாங்க?"

யாரோ சிரித்துவிட்டார்கள். மொத்தச் சபையும் கொட்டகைக்கு நடந்தது. செயலாளர் முன்னால் போனார். தான் எவ்வளவு கவனமாகக் காத்துவந்திருக்கிறோம் என்பதை எல்லாரும் பார்க்க இதுவும் ஒரு சந்தர்ப்பம் என்று அவருக்குப் பட்டது. கழுத்துக் கயிற்றிலிருந்து சாவியைக் கழற்றி உயர்த்திக் காட்டினார். முடிச்சிலிருந்த வெள்ளை நூலைச் சுட்டிக்காட்டினார். "பாருங்க. கட்டினது கட்டினபடி. ஒருத்தன் கை உள்ள போகல." பிறகு நூலைத் தன் கையாலேயே அறுத்தார். கயிறு அவிழ்ந்தது. கமிட்டிக்காரர்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தார்கள். வருடக்கணக்கில் கைவைத்த இடங்களில் படுதா வெளுத்துப் போயிருந்தது.

உள்ளே பழைய தேக்கு பெஞ்சுகள் இருந்தன. தரை வேலை நடந்தபோது அடுக்கியபடி, ஒன்றின்மேல் ஒன்றாக, ஒன்றுகூடக் குறையாமல்.

தச்சரின் மனைவி செயலாளரின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, தன் கணவருக்குப் போன் போட நகர்ந்து போனார். ஊசியக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு அண்ணன் கையிலிருந்த சாவியைப் பார்த்தாள்.

டீச்சர் தடியால் அடியில் இருந்த பெஞ்சைத் தட்டிப் பார்த்தார். "பெஞ்சு நல்லாத்தான் இருக்கு. என் சீட் உறை எங்கப்பா?"

அது எங்கே இருக்கிறது என்று செயலாளருக்குத் தெரியும். எட்டு நாளைக்கு முன்னால்தான் அந்த மண்படிந்த வேனுக்குப் பின்னால் குடையோடு ஒளிந்து நின்றிருந்தார்.